பழைய வண்டியைப் புதுப்பித்தவர்களுக்கு: ஆய்வு முதல் ஆர்.சி. வரை, தமிழ்நாட்டுக்கான வழிகாட்டி

பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்த புல்லட்டையோ அம்பாசடரையோ மீட்டெடுப்பவர்கள் என்ஜின் வேலை, டிங்கரிங், பெயின்டிங் ஆகியவற்றில் முழுக் கவனத்தையும் செலுத்திவிட்டு, வண்டி ஓடத் தொடங்கிய பிறகே ஆர்.சி. புத்தகத்தைத் தேடுகிறார்கள். அப்போது பெயர் ஒருவருடையதாக, நிறம் வேறாக, என்ஜின் எண் பொருந்தாததாக இருந்தால், பட்டறையில் செலவழித்த பணம் அத்தனையும் வாசலில் முடங்கி நிற்கும். என் பெரியப்பா பெயரில் இருந்த 1970-களின் புல்லட் ஒன்றை என் பெயருக்கு மாற்றி, ஆய்வு முடித்து, பதிவைப் புதுப்பிக்கும் வரை நான் பட்ட அலைச்சலில் பாதி, எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லாததால் வந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் எதிரான தடை உத்தரவுகள் டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானவை. தமிழ்நாட்டில் தனியார் வண்டியை வயதை மட்டும் காரணம் காட்டி யாரும் உடைக்கச் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

1. எந்த வகைப் பதிவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, படிவம் 25 வழியாகச் செய்யும் வழக்கமான பதிவுப் புதுப்பித்தல். மற்றொன்று, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட விண்டேஜ் பதிவு. 50 ஆண்டுகள் கடந்த, சொந்தப் பயன்பாட்டில் உள்ள இரு சக்கர வாகனங்களும் கார்களும் மட்டுமே விண்டேஜ் வகைக்குள் வரும்.

பெயரில் உள்ள கவர்ச்சியைப் பார்த்து விண்டேஜ் பக்கம் போகாதீர்கள். அந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சிக்கும், விண்டேஜ் பேரணிக்கும், தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் அலுவலகம் போய்வர முடியாது. மேலும், சேசிஸிலோ (அடிச்சட்டம்) பாடியிலோ என்ஜினிலோ மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய மறுகட்டுமானம் நடந்த வண்டி அந்த வகைக்குத் தகுதி பெறாது என்று விதியே சொல்கிறது. புதுப்பித்த வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி இதுதான். ஓட்டுவதற்காக வண்டியை மீட்டவர்களுக்கு வழக்கமான புதுப்பித்தலே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

2. ஸ்பேனரைத் தொடுமுன் காகிதங்களைத் தேடுங்கள்

அசல் ஆர்.சி. புத்தகம், பழைய வரி ரசீதுகள், எப்போதோ எடுத்த இன்சூரன்ஸ் நகல், வாங்கியபோது எழுதிய ரசீது என எது கிடைத்தாலும் ஒரு கோப்பில் சேருங்கள். புத்தகம் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை: உரிமையாளர் பெயர், சேசிஸ் எண், என்ஜின் எண், நிறம், எரிபொருள், பதிவு முடியும் தேதி, கடைசியாக ஏதேனும் ஹெச்.பி. (வண்டி மீதான கடன்) பதிவு உள்ளதா என்பது.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் புத்தகத்தில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கும். அதை நீக்க, அந்த நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35 வேண்டும். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் அதன் கணக்குகளை ஏற்றுக்கொண்டவர் யார் எனத் தேட வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்பதால் வண்டி பட்டறைக்குப் போவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

புத்தகம் தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிவு செய்து, படிவம் 26 கொடுத்து நகல் ஆர்.சி. கேட்க வேண்டும். உரிமையாளரின் பெயரில்தான் நகல் கிடைக்கும், வண்டியை வைத்திருப்பவர் என்பதற்காகக் கிடைக்காது. ஆகவே புத்தகம் இல்லாத வண்டியை விலைக்குக் கேட்பவர்கள், பதிவில் உள்ள உரிமையாளரையோ அவரது வாரிசையோ நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, புத்தகத்தில் முத்திரை உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று, அந்த எண்ணுக்கான பதிவேட்டு விவரங்களை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். பதிவு நடப்பில் உள்ளதா, காலாவதியா, அல்லது ரத்து செய்யப்பட்டுவிட்டதா என்பது இங்குதான் தெரியும். காலாவதியான பதிவைப் புதுப்பிக்கலாம். ரத்தான பதிவுள்ள வண்டியை மீட்பது வேறு கதை. அது தெரியவந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவிடாமல் முதலில் அந்தப் பிரச்சினையை முடியுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தேடல் சேவையில் சேசிஸ், என்ஜின் எண்களைக் கொடுத்து, திருட்டு வண்டிப் பட்டியலில் இல்லை என்பதற்கான அச்சுப்படியையும் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

3. பெயர் மாற்றம்

உரிமையாளர் உயிரோடு இருந்தால் படிவம் 29, படிவம் 30 ஆகியவை போதும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. இதனுடன் இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் வரும் பெயர்களும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய புத்தகங்களில் தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக இருப்பதும், தந்தை பெயர் சேர்த்து எழுதப்பட்டிருப்பதும் சாதாரணம். அப்படி இருந்தால் "இவரும் அவரும் ஒருவரே" என்ற சான்றையும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சேர்த்தே வாங்கிவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் அத்தைகள் இருவரும் வெளியூரில் இருந்ததால், கையெழுத்து வாங்குவதுதான் மொத்த நடைமுறையிலும் நீண்ட நேரம் எடுத்த பகுதியாக இருந்தது. பொங்கலுக்கோ திருமணத்துக்கோ எல்லோரும் கூடும் நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்கள் கை மாறி மாறி வருவது. படிவத்தில் கையெழுத்திட்டவர் இடையில் இறந்துவிட்டால் அந்தக் காகிதம் செல்லாது. இரண்டாவது பொறி இதைவிட ஆபத்தானது. சிலர் வண்டியே இல்லாமல் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் விற்கிறார்கள். அதை வாங்கி, வேறொரு வண்டியின் சேசிஸில் அந்த எண்ணைப் பொறித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அது குற்றம். எவ்வளவு அரிய மாடலாக இருந்தாலும் அந்தப் பேச்சிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிமாநில வண்டி என்றால், அங்கிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற்று, இங்கே படிவம் 27 கொடுத்துப் புதிய எண் வாங்க வேண்டும். விண்ணப்பித்த 30 நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. ஆனாலும் கையில் காகிதம் இருந்தால்தான் இங்குள்ள அலுவலகத்தில் வேலை நகரும்.

4. சேசிஸ் எண்ணைக் கண்போலக் காக்க வேண்டும்

ஆய்வில் பெரும்பாலான வண்டிகள் திரும்பி வருவதற்குப் பிரேக்கோ விளக்கோ காரணமாக இருப்பதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் தேடுவது சேசிஸ் எண்ணைத்தான். அது தெளிவாகத் தெரியவில்லை என்றால் மற்ற எதையும் அவர் பார்க்க வேண்டியதில்லை.

புல்லட்டில் சேசிஸ் எண், முன்ஃபோர்க் பொருந்தும் ஸ்டீயரிங் ஹெட் குழாயின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும்போது, முதலில் மணல் வீசி உரிப்பார்கள், பிறகு கனமான பூச்சு ஏற்றுவார்கள். ஏற்கெனவே துருவால் தேய்ந்த எழுத்துகள் மணலில் இன்னும் மழுங்கி, மேலே பூச்சு நிரம்பி, 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும். எனவே ஃபிரேமை அனுப்புமுன் எண் உள்ள இடத்தை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து புகைப்படம் எடுத்து, மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். குழிகளில் சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்தால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். பிறகு அந்த இடத்தில் வெப்பம் தாங்கும் டேப்பை ஒட்டி, அங்கே மணலும் படக்கூடாது, பூச்சும் படக்கூடாது என்று பட்டறைக்காரரிடம் எழுதியே கொடுங்கள். கோட்டிங் முடிந்த பிறகு, துருப் பிடிக்காமலிருக்க அந்த இடத்தில் மெல்லிய பெயின்ட் ஒரு கை அடித்தால் போதும்.

எண் படிக்க முடியாத அளவுக்கு அரித்துப் போயிருந்தால் நீங்களாக லேத் பட்டறையில் மறுபடி பொறிக்கக் கூடாது. பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, ஆய்வாளர் சொல்லும் முறையில் மட்டுமே பொறிக்க வேண்டும். எண்ணின் மேல் அரம் போட்ட தடம் தெரிந்தாலே சந்தேகம் வரும், காவல்துறைக்குக் கடிதம் போகும், மாதங்கள் ஓடும்.

என்ஜின் எண் விஷயத்தில் விதி சற்றுத் தளர்வானது. என்ஜினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸ் உடைந்து வேறு கிராங்க்கேஸ் போட்டால் எண்ணும் மாறிவிடும். முன் அனுமதி பெற்று, அதே வகை, அதே எரிபொருள் என்ஜினைப் பொருத்தி, 14 நாட்களுக்குள் தெரிவித்துப் புத்தகத்தில் பதிய வைக்க வேண்டும். இதற்கு அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் தேவை. புதுப்பேட்டையில் பழைய என்ஜின் வாங்குபவர்கள் எண் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில் தரும் கடையில் மட்டுமே வாங்குங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் கடையில் 2,000 ரூபாய் குறையும். ஆனால் அந்தச் சீட்டை எந்த அலுவலகமும் ஏற்காது.

5. புதுப்பித்தல் எங்கே முடிகிறது, மாற்றியமைத்தல் எங்கே தொடங்குகிறது

தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. தேய்ந்த பாகத்துக்கு அதே பாகம் போடுவது, துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பது, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்வது ஆகியவை புதுப்பித்தல். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் என்ஜின் இறக்குவது, மூடிய காரைத் திறந்த காராக்குவது, சேசிஸை வெட்டி நீட்டுவது ஆகியவை மாற்றியமைத்தல். இவை ஆய்வில் தேறாது.

வண்டலூர் அருகே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற கார்களில் சேசிஸ் தனி, பாடி தனி. பாடித் தகடுகளைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதால், இரண்டு மூன்று கார்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். சேசிஸ் எந்தக் காருடையதோ அந்தக் காரின் ஆர்.சி.தான் செல்லும் என்பதை நினைவில் வைத்து, வேலை நடக்கும்போதே படிப்படியாகப் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

நிறமும் பதிவின் ஒரு பகுதி. புத்தகத்தில் கறுப்பு என்று இருக்க, வண்டி சிவப்பாக வந்து நின்றால், நிறமாற்றத்தைப் பதியச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பழைய நிறத்திலேயே அடிப்பது அழகும்கூட, வேலையும் மிச்சம்.

6. கணினிப் பதிவு, இன்சூரன்ஸ், மாசுச் சான்று: இதே வரிசையில்

கையால் எழுதிய புத்தகம் உள்ள, எம்.எஸ். அல்லது எம்.டி. எனத் தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் பல இன்னும் வாகன் எனும் அரசின் கணினித் தொகுப்பில் ஏறவில்லை. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு விவரம் வராவிட்டால், அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) செய்யச் சொல்லி மனுக் கொடுங்கள். எண் தொகுப்பில் இல்லாதவரை இணையத்தில் கட்டணம் கட்டவும் முடியாது, மாசுச் சான்று எடுப்பதும் சிக்கலாகும்.

பதிவேற்றியதும் திரையில் உள்ள ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். தயாரிப்பு ஆண்டு, எரிபொருள், சிசி, இருக்கை எண்ணிக்கை, அதற்கும் மேலாக இறக்குமதி வண்டியா இல்லையா என்ற இடம். இந்தியாவில் தயாரான கார், வெளிநாட்டுப் பெயர் கொண்டிருக்கும் காரணத்தால் இறக்குமதி எனப் பதிவாகிவிட்டால் கட்டணம் பல மடங்காகும்.

அடுத்தது இன்சூரன்ஸ். குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். 2022-இல் நிர்ணயித்த ஆண்டு பிரீமியப்படி, 150 முதல் 350 சிசி வரை உள்ள பைக்குக்கு 1,366 ரூபாய். 346 சிசி புல்லட் இதற்குள் வரும். 1,000 முதல் 1,500 சிசி வரை உள்ள காருக்கு 3,416 ரூபாய். 1,489 சிசி அம்பாசடர் இதற்குள் வரும். ஜி.எஸ்.டி.யும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடும் தனி. பதிவு காலாவதியான வண்டிக்கு இணையத்தில் பாலிசி எடுக்க முயன்றால் பெரும்பாலும் நின்றுவிடும். கிளை அலுவலகத்துக்கு நேரில் சென்று, பதிவைப் புதுப்பிக்கவே காப்பீடு கேட்கிறேன் என்று விளக்கினால் வண்டியைப் பார்த்துவிட்டுத் தருவார்கள்.

மாசுச் சான்றுக்குப் பயப்பட வேண்டாம். 2000 மார்ச் 31 வரை தயாரான பைக்குகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. அதே காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு 3 சதவீதம். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, கார்புரேட்டரின் ஐடில் கலவையைச் சற்று மெலிதாக வைத்துக்கொண்டு போனால் தேறிவிடும். சான்று ஆறு மாதத்துக்குச் செல்லும்.

7. ஆய்வு நாள்

படிவம் 25-ஐப் பரிவாகன் தளத்தில் நிரப்பி, கட்டணம் செலுத்தி, ரசீதுடன் வண்டியை அலுவலகத்துக்குக் கொண்டு போக வேண்டும். பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டிச் சென்று பிடிபட்டால் அபராதம் உண்டு என்பதால், டெம்போவிலோ ரெக்கவரி வண்டியிலோ ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

ஹெட்லைட்டில் ஹை, லோ இரண்டும், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, டயர், ஹேண்ட் பிரேக், காராக இருந்தால் வைப்பர் ஆகிய அனைத்தும் வேலை செய்ய வேண்டும். ஸ்பீடோமீட்டர் முள் நகர வேண்டும். சத்தம் கூட்டிய சைலன்சர் போட்டிருந்தால் ஒரிஜினலை மாட்டிக்கொண்டு போங்கள். நம்பர் பிளேட்டில் பலர் இடறுகிறார்கள். அந்தக் காலத்துத் தோற்றத்துக்காகக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து எழுதுவது இன்று செல்லாது. தனியார் வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து மட்டுமே.

ஆய்வாளர் சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சைக் கேட்பார். முன்பே எடுத்த அச்சு இருந்தாலும், அவர் கண்முன் மறுபடி எடுத்துக் கொடுக்கப் பென்சிலும் தாளும் துணியும் கையில் இருக்கட்டும். என் வண்டியில், பெட்ரோல் டேங்க்குக்குக் கீழே போகும் வயர் கட்டு எண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தளர்த்த ஒரு ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது. சின்ன டூல் பை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். குறை எழுதினால் வாதிடாமல், குறைகளை எழுத்தில் வாங்கி, சரிசெய்து மறுபடி காட்டுங்கள்.

8. கட்டணங்கள்

2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தபடி, 20 ஆண்டு தாண்டிய வண்டிகளின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் பைக்குக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். இறக்குமதி பைக்குக்கு 20,000, இறக்குமதி காருக்கு 80,000. ஜி.எஸ்.டி. தனி. பெயர் மாற்றத்துக்குப் பைக்குக்கு 150, காருக்கு 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். இவற்றுடன் ஐந்தாண்டுகளுக்கான பசுமை வரியும், நிலுவையில் ஏதேனும் சாலை வரி இருந்தால் அதுவும் சேரும்.

தாமதத்துக்கு மாதத்துக்குப் பைக்குக்கு 300, காருக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என மத்திய விதியில் உள்ளது. பல ஆண்டுகள் கிடந்த வண்டிக்கு இது பெரிய தொகையாகிவிடக்கூடும். எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு என்பதைப் பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்வார்கள். கட்டண வாரியாகப் பிரித்து, ரசீதுடன் தருவாரா என்று கேளுங்கள்.

9. விண்டேஜ் வழியில் போகிறவர்களுக்கு

பரிவாகன் தளத்தில் படிவம் 20, காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியானால் சுங்க ஆவணம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்வையிட்டுத் தகுதியைத் தீர்மானிக்கும். 60 நாட்களுக்குள் படிவம் 23-ஏ வடிவில் சான்று வழங்கப்பட வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். அது பத்தாண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக எண் பெறும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். இந்த வண்டியை விற்றால் விற்பவரும் வாங்குபவரும் 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

10. ஆர்.சி. கைக்கு வந்தவுடன்

அட்டையில் உள்ள சேசிஸ், என்ஜின் எண்களை நீங்கள் எடுத்த பென்சில் அச்சோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்த மனுக் கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குப் புதிய ஆர்.சி. நகலைக் கொடுத்துப் பாலிசியில் பெயரைப் பொருத்தச் சொல்லுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய புத்தகத்தைத் திருப்பித் தந்தால் அதை எறிந்துவிடாமல் கோப்பிலேயே வையுங்கள். அடுத்த புதுப்பித்தலுக்குப் பதிவு முடியும் தேதிக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த 60-ஆவது நாளை இப்போதே கைபேசி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.